வரிக் கோபம் போரானது எப்படி: 1763 முதல் 1776 வரையிலான அமெரிக்க வரலாற்றைப் படிக்க ஒரு முறை

அமெரிக்கப் புரட்சிக்கு என்ன காரணம் என்று கேட்டால் பெரும்பாலும் "வரி" என்ற ஒற்றைச் சொல் பதிலாக வரும். முத்திரைச் சட்டம், தேயிலை, பாஸ்டன், அப்புறம் போர். வரிசை சரிதான். ஆனால் இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் மூன்று கேள்விகளில் மாட்டிக்கொள்வார். முத்திரை வரியை 1766-லேயே ரத்து செய்துவிட்டார்களே, பிறகென்ன சண்டை? 1773-ன் தேயிலைச் சட்டம் தேயிலை விலையைக் குறைக்கத்தானே வந்தது, அதை ஏன் கடலில் கொட்டினார்கள்? 1775 ஏப்ரலிலேயே துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது, விடுதலையை அறிவிக்க ஏன் இன்னும் பதினான்கு மாதம் தாண்டியது?

இந்த மூன்றுக்கும் விடை தரும்படி அந்தப் பதிமூன்று ஆண்டுகளைப் படிக்கும் முறையைக் கீழே தருகிறோம். வகுப்பில் பாடம் நடத்துபவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது பயன்படும். அகலவாக்கில் திருப்பிய இரண்டு ஏ4 தாள், இரண்டு நிறப் பேனா, ஒரு மணி நேர அமர்வுகள் நான்கு. இவ்வளவு போதும்.

அட்டவணை போடுவது

தாளில் ஐந்து பத்திகள் பிரியுங்கள். முதல் பத்தியில் தேதி. இரண்டாவதில் லண்டன், அதாவது பிரிட்டிஷ் அரசு, செய்தது. மூன்றாவதில் லண்டன் அதைச் செய்ததற்கான காரணம். நான்காவதில் குடியேற்றங்கள், அதாவது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 அமெரிக்கப் பகுதிகள், காட்டிய எதிர்ப்பு. ஐந்தாவது பத்தியைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். அதன் தலைப்பு "எது மிச்சம் நின்றது".

முழு முறையும் அந்த ஐந்தாவது பத்தியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கலவரமும் அடங்கியது, ஒவ்வொரு புறக்கணிப்பும் ஒருநாள் முடிந்தது. அடங்கிய பிறகு அங்கே எந்த அமைப்பு, எந்தக் குழு, எந்தப் பழக்கம், எந்தக் கடிதத் தொடர்பு கலையாமல் இருந்தது என்று பாருங்கள். மக்களின் கோபம் தானாகப் போராக மாறுவதில்லை. வரி வசூலிக்க, நீதிமன்றம் நடத்த, ஆள் திரட்ட இன்னொரு ஏற்பாடு உருவான பிறகுதான் போர் சாத்தியமாகிறது. அமெரிக்காவில் அந்த ஏற்பாடு பத்தாண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டது. பத்திகளில் எழுதும்போது அது கண்ணுக்குத் தெரியும்.

வரிசைகள் பன்னிரண்டு வேண்டும்: 1763 பிரகடனம், 1764 சர்க்கரைச் சட்டம், 1765 முத்திரைச் சட்டம், 1766 ரத்து, 1767 டவுன்ஷெண்ட் சட்டங்கள், 1768 பாஸ்டனில் படை, 1770 படுகொலை, 1772 நீதிபதிகள் சம்பளம், 1773 தேயிலை, 1774 தண்டனைச் சட்டங்கள், 1775 லெக்சிங்டன், 1776 பிரகடனம்.

நிரப்பத் தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பணமும் எடையும். அக்கால பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆகப் பவுண்டுக்கு 240 பென்னி. எடைக்கும் "பவுண்டு" என்றே எழுதினால் தேயிலைக் கணக்கில் கட்டாயம் குழப்பம் வரும். எடைக்கு ராத்தல் என்று எழுதுங்கள்.

இரண்டு, கடல். லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி அமெரிக்கா சேரப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால் தேதிப் பத்தியில் சட்டம் நிறைவேறிய நாளோடு, தெரிந்தவரை செய்தி வந்து சேர்ந்த நாளையும் குறியுங்கள். பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டம் 1774 மார்ச் 31-ல் நிறைவேறியது. செய்தி பாஸ்டனுக்கு வந்தது மே 10. துறைமுகம் மூடப்பட்டது ஜூன் 1. யோசிக்க மூன்று வாரம்தான் கிடைத்தது. இப்படிக் குறிக்காவிட்டால், இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதாடியது போன்ற பொய்த் தோற்றம் வந்துவிடும். உண்மையில் ஒவ்வொரு பதிலும், எதிர்த்தரப்பு இரண்டு மாதம் முன்பு எடுத்திருந்த நிலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

முதல் அமர்வு: 1763-லிருந்து தொடங்குங்கள்

பலரும் 1765 முத்திரைச் சட்டத்தில் தொடங்குவார்கள். அங்கே தொடங்கினால் லண்டன் காரணமில்லாமல் கொடுமை செய்தது போலத் தெரியும், மூன்றாவது பத்தி காலியாகக் கிடக்கும். பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய ஏழாண்டுப் போர் 1763 பிப்ரவரி 10 பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் போருக்கு முந்தைய அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகியிருந்தது. அரசு வருவாயில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. பிரான்ஸிடமிருந்து கனடா வந்துவிட்டது. புதிதாகக் கிடைத்த நிலத்தைக் காக்கவும், பூர்வகுடிகளோடு மோதலைத் தடுக்கவும் அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்தத் திட்டம் போட்டார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் தரட்டும் என்பது லண்டனின் கணக்கு. அங்கிருந்து பார்க்க அது நியாயமாகவே தெரிந்தது.

1763 அக்டோபர் 7 அரச பிரகடனம் அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறத் தடை போட்டது. போன்டியாக் தலைமையில் பூர்வகுடிகள் நடத்திய போர் அதை அவசரப்படுத்தியது. வரியே இல்லாத சட்டம் இது. ஆனால் மேற்கு நிலத்தில் பணம் போட்டிருந்த வர்ஜீனியப் பண்ணைக்காரர்களைத் தொட்டது இதுதான். பாஸ்டன் வணிகருக்கும் வர்ஜீனிய நிலவுடைமையாளருக்கும் பின்னால் ஏன் கைகோக்க முடிந்தது என்பதற்கான முதல் தடயம் இங்கே இருக்கிறது.

அடுத்த வரிசையில் கவனம் தேவை. 1764 சர்க்கரைச் சட்டம் வெல்லப்பாகின் மீதான வரியை கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. குறைத்த வரிக்கு ஏன் கோபம்? 1733-லிருந்து இருந்த 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. கடத்தலும் கைக்கூலியுமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 3 பென்ஸை உண்மையிலேயே வசூலிக்கப்போகிறார்கள். மாட்டியவரை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். வரி விகிதத்தை மட்டும் குறித்துவிட்டு வசூல் முறையை விட்டுவிட்டால் இந்த வரிசைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஐந்தாவது பத்தியில் இங்கே எழுத அதிகம் இல்லை. சில சட்டமன்ற மனுக்கள், அவ்வளவுதான்.

முத்திரைச் சட்டம்: யாரைத் தொட்டது என்று பாருங்கள்

1765 மார்ச் 22-ல் சட்டமாகி நவம்பர் 1 முதல் அமலுக்கு வரவேண்டிய இந்த வரியின் பட்டியலைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். செய்தித்தாளுக்குத் தாளின் அளவைப் பொறுத்து அரை பென்னி அல்லது ஒரு பென்னி. அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங். பகடைக்கு 10 ஷில்லிங். கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு. வழக்கறிஞர் உரிமத்துக்கு 10 பவுண்டு. செலுத்துவது பிரிட்டிஷ் பணத்தில். உள்ளூரில் காகிதப் பணம் அச்சிடுவதை 1764-லேயே கட்டுப்படுத்தியிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொகைகள் பெரியவை அல்ல. ஆனால் அச்சகக்காரர், வழக்கறிஞர், வணிகர், சாராயக் கடைக்காரர் என்று பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த எல்லாரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டது இந்தச் சட்டம். லண்டன் அரசியல் கணக்கில் இதைவிடப் பெரிய பிழை அந்த ஆண்டில் இல்லை என்பது எங்கள் கருத்து.

நான்காவது பத்தியில் மூன்று தனித்தனி எதிர்ப்புகளை எழுதுங்கள். மூன்றும் வெவ்வேறு ஆட்களுடையவை, கலக்கக் கூடாது. தெருவில்: ஆகஸ்ட் 14-ல் பாஸ்டனில் முத்திரை விநியோக அதிகாரி ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை ஓர் எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள், ஆகஸ்ட் 26-ல் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டை இடித்து நாசம் செய்தார்கள். மன்றத்தில்: வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றியின் தீர்மானங்கள், அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் 27 பேராளர்கள் கூடிய முத்திரைச் சட்ட மாநாடு. சந்தையில்: நியூயார்க்கின் இருநூறுக்கும் மேற்பட்ட வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று போட்ட ஒப்பந்தம். அமலுக்கு வரும் நாளுக்குள் விநியோக அதிகாரிகள் பெரும்பாலும் பதவி விலகிவிட்டதால் முத்திரைத் தாளை விற்கவே ஆள் இல்லை.

இங்கே ஒரு பரவலான தவறு நடக்கிறது. "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்தைப் படித்ததும், லண்டன் நாடாளுமன்றத்தில் சில இடங்கள் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த நியூயார்க் மாநாட்டின் அறிக்கையே, குடியேற்ற மக்கள் தங்கள் இருப்பிடச் சூழலால் அங்கே பிரதிநிதித்துவம் பெறவும் இயலாது என்று சொல்லிவிட்டது. 3,000 மைல் தாண்டிப் போய் உட்காரும் சில உறுப்பினர்கள் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் சட்டமன்றம் மட்டுமே எங்கள்மேல் வரி போடலாம் என்பதே கோரிக்கை. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருபவை தானாக விளங்கும்.

ஐந்தாவது பத்தி: "விடுதலைப் புதல்வர்கள்" என்ற பெயரில் ஊர்தோறும் குழுக்கள், லண்டனின் சட்டத்தை எதிர்க்கப் பல குடியேற்றங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசிய முதல் அனுபவம், புறக்கணிப்பு பலிக்கும் என்ற பாடம்.

1766 வரிசையை இரண்டாகப் பிரியுங்கள்

1766 மார்ச் 18-ல் முத்திரைச் சட்டம் ரத்தானது. அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்ற அறிவிப்புச் சட்டம். பாடக்குறிப்புகளில் முதலாவது இருக்கும், இரண்டாவது ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். முதல் கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. குடியேற்றங்கள் ரத்தைக் கொண்டாடி, அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டன. ஒரே நாளில் நடந்த இரண்டையும் இரு நிறத்தில் எழுதுங்கள்.

இரண்டாம் அமர்வு: 1767 முதல் 1772

நிதி அமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த சட்டங்கள் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகிய இறக்குமதிகளுக்கு வரி போட்டன. எதிர்பார்த்த வருவாய் ஆண்டுக்கு வெறும் 40,000 பவுண்டு. ஒரு படைக்குப் பத்தாத இந்தத் தொகை எதற்கு? ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இதிலிருந்து சம்பளம் கொடுக்க. அதுவரை அந்தச் சம்பளத்தைப் பல இடங்களில் உள்ளூர்ச் சட்டமன்றங்களே கொடுத்துவந்தன. ஆளுநரைக் கட்டுக்குள் வைக்க அவர்கள் கையில் இருந்த ஒரே பிடி அது. மூன்றாவது பத்தியில் இதை அடிக்கோடிடுங்கள். பாஸ்டனில் சுங்க ஆணையர் வாரியம் வந்ததும் இதே ஆண்டில்.

பிறகு நடந்தவை வேகமாக நகரும். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் மற்றக் குடியேற்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. திரும்பப் பெறு என்று லண்டன் உத்தரவிட, 92-க்கு 17 என்ற வாக்கில் மறுத்தது. பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் கப்பலைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யக் கலவரம். 1768 அக்டோபர் 1-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊரில் சிவப்புச் சட்டை வீரர்கள் ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலை தேடினார்கள். 1770 மார்ச் 2-ல் ஒரு கயிறு திரிக்கும் கூடத்தில் வேலை கேட்டுப் போன வீரருக்கும் தொழிலாளிகளுக்கும் நடந்த அடிதடிதான் மார்ச் 5 இரவுத் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்கதை. கூட்டத்தின்மீது வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பாஸ்டன் படுகொலை என்பது இதுதான். அவர்களில் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஒருவர். வீரர்களுக்காக வாதாடியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் பிரஸ்டனும் ஆறு வீரர்களும் விடுதலை, இருவருக்கு மட்டும் குறைந்த தண்டனை.

இதோடு பாஸ்டன் பொங்கி எழுந்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே மார்ச் 5-ல் லண்டனில் பிரதமர் நார்த், தேயிலை தவிர மற்ற வரிகளை நீக்கலாம் என்று முன்மொழிந்துகொண்டிருந்தார். வரிகள் நீங்கின, அவற்றை எதிர்த்து நடந்த புறக்கணிப்பு கலைந்தது, 1770 முதல் 1772 வரை பெரும்பாலும் அமைதி. இந்த அமைதியை அட்டவணையில் காட்டியே ஆகவேண்டும். இல்லையென்றால் 1765-லிருந்து கோபம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனதாக ஒரு தவறான படம் மனதில் பதிந்துவிடும். படுகொலைக்கும் முதல் போருக்கும் நடுவே ஐந்து ஆண்டு இடைவெளி இருக்கிறது.

அமைதிக் காலத்தில்தான் முக்கியமான ஒன்று உருவானது. 1772-ல் மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளத்தை இனி மன்னரே தருவார் என்ற செய்தி வந்தது. நவம்பர் 2-ல் சாமுவேல் ஆடம்ஸ் முன்மொழிய, பாஸ்டன் ஊர்க்கூட்டம் 21 பேர் கொண்ட கடிதத் தொடர்புக் குழுவை அமைத்தது. அவர்கள் உரிமைகளையும் குறைகளையும் அச்சிட்டு ஊர்களுக்கு அனுப்ப, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் கூட்டம் போட்டு விவாதித்துப் பதில் எழுதின. 1773 மார்ச்சில் வர்ஜீனியா இதைக் குடியேற்றங்களுக்கு இடையிலான குழுவாக விரித்தது. ஐந்தாவது பத்தியில் இதுவரை நீங்கள் எழுதியவற்றிலேயே கனமான பதிவு இதுதான். துப்பாக்கி இல்லை, ஊர்வலம் இல்லை. ஆனால் அடுத்த நெருக்கடி வரும்போது ஒவ்வொரு ஊரிலும் கடிதம் பிரித்துப் படிக்க ஆள் தயாராக இருந்தது.

மூன்றாம் அமர்வு: தேயிலை

நமக்கு நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே நுழைகிறது. 1770 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கம்பெனியின் வருவாய்க் கணக்குகள் ஆட்டம் கண்டன. 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி. கிடங்குகளில் விற்காத தேயிலை ஏறத்தாழ 1.7 கோடி ராத்தல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் காக்க 1773-ல் லண்டன் எடுத்த நடவடிக்கைகள் ஒரே கட்டில் வந்தவை: 14 லட்சம் பவுண்டு கடன், வாரன் ஹேஸ்டிங்ஸை கவர்னர் ஜெனரல் ஆக்கிய ஒழுங்குமுறைச் சட்டம், தேயிலைச் சட்டம். இந்திய வரலாற்றுப் பாடத்தில் ஒன்றையும் உலக வரலாற்றுப் பாடத்தில் மற்றொன்றையும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதட்டும்.

தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் போடவில்லை. லண்டனில் கட்டவேண்டிய தீர்வையைத் திருப்பித் தந்து, கம்பெனி தன் முகவர்கள் வழியாக நேரடியாக அமெரிக்காவில் விற்க அனுமதித்தது. கடத்தல் டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்கு விலை இறங்கும். ஆனால் டவுன்ஷெண்ட் போட்ட ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே நின்றது. மலிவான தேயிலையை வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். சட்டமன்றப் பேச்சாளர்களின் கவலை இது. வணிகர்களுக்கு வேறு கவலை: இன்று தேயிலைக்கு ஏகபோகம் வந்தால் நாளை மற்றச் சரக்குகளுக்கும் வராதா? கம்பெனி வங்காளத்தில் நடந்துகொண்ட விதத்தை எடுத்துக்காட்டி 1773-ல் பிலடெல்பியாவில் எழுதினார்கள். இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை. கொள்கைக்காரரையும் கடத்தல்காரரையும் ஒரே பக்கம் தள்ளியது அந்தச் சட்டம்.

தேதி ஏன் டிசம்பர் 16 என்று விளக்காமல் விடாதீர்கள், மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28-ல் பாஸ்டன் வந்தது. வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றலாம். கெடு டிசம்பர் 17. மற்ற துறைமுகங்களில் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்தது: பிலடெல்பியா கப்பலைத் திருப்பி அனுப்பியது, சார்ல்ஸ்டனில் தேயிலையைக் கிடங்கில் பூட்டிவைத்தார்கள். பாஸ்டனில் ஆளுநர் ஹட்சின்சன் கப்பல்களைத் திரும்பிப் போக விடவில்லை. அவருடைய இரு மகன்களும் தேயிலை முகவர்கள். கெடுவுக்கு முந்தைய இரவு, டார்ட்மவுத், எலினார், பீவர் ஆகிய மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள், சுமார் 92,000 ராத்தல், அதாவது 42 டன் அளவு, கடலுக்குப் போனது. கம்பெனி காட்டிய இழப்பு 9,659 பவுண்டு.

கொட்டியது இந்தியத் தேயிலை என்று தமிழில் அடிக்கடி எழுதப்படுகிறது. அத்தனையும் சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை லண்டன் சந்தைக்கு வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் இருந்தது.

1774: அட்டவணையின் இதயம்

இந்த வரிசைக்கு ஒரு முழு அமர்வும் செலவழிக்கலாம். தேயிலையைக் கொட்டியதற்குப் பதிலடியாக லண்டன் நான்கு தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. துறைமுகச் சட்டம் பாஸ்டனை மூடியது. நீதி நிர்வாகச் சட்டம் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளை வேறிடத்துக்கு அனுப்பி விசாரிக்க வழிசெய்தது. தங்குமிடச் சட்டம் படைக்கு இடம் எடுக்க ஆளுநருக்கு அதிகாரம் தந்தது. பாடக்குறிப்புகள் துறைமுகத்தையே பெரிதாகப் பேசும். எங்கள் பார்வையில் கனமானது நான்காவது: மாசசூசெட்ஸ் அரசாங்கச் சட்டம். மேலவை உறுப்பினர்களை இனி மன்னர் நியமிப்பார். ஜூரிகளை ஷெரிப் தேர்ந்தெடுப்பார். ஆளுநர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒரு ஊர்க்கூட்டத்துக்கு மேல் கூடாது. துறைமுகச் சட்டம் ஒரு நகரைத் தண்டித்தது. இது ஒவ்வொரு கிராமத்து விவசாயியின் கையிலிருந்த வாக்கைப் பிடுங்கியது.

அதன் விளைவு மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊரான வூஸ்டரில் தெரிந்தது. 1774 செப்டம்பர் 6-ல், புதிய சட்டத்தின்படி கூடவிருந்த மாவட்ட நீதிமன்றத்தைத் தடுக்க 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் படைவரிசையாக வந்தார்கள். ஊர் வாரியாக எண்ணிக்கை எடுத்ததால்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. நீதிமன்றக் கதவை அடைத்துவிட்டு, பிரதான தெருவின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பணி செய்யமாட்டோம் என்ற உறுதிமொழியை ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் கேட்கும்படி முப்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. ஹட்சின்சனுக்குப் பின் வந்த ஆளுநர் கேஜ் படை அனுப்ப நினைத்து, பிறகு அனுப்பவில்லை. அந்த இலையுதிர் காலத்துக்குள் பாஸ்டனுக்கு வெளியே மாசசூசெட்ஸில் மன்னராட்சி நடைமுறையில் முடிந்துபோயிருந்தது. அக்டோபரில் மாகாணப் பேரவை கூடி, வரிப்பணத்தை அரச பொருளாளரிடம் கட்டாமல் தாங்கள் நியமித்த ஹென்றி கார்ட்னரிடம் கட்டச் சொன்னது.

ஐந்தாவது பத்தியில் எழுதுங்கள்: நீதிமன்றம் நின்றது, வரி திசை மாறியது, படை உறுப்பினர் பட்டியல் கையில் இருக்கிறது. முதல் சண்டை நடந்த லெக்சிங்டனுக்கு ஆறேழு மாதம் முன்னாலேயே.

மற்றக் குடியேற்றங்களை இழுத்துவந்தது பிலடெல்பியா மாநாடு. செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 26 வரை, ஜார்ஜியா நீங்கலாக 12 குடியேற்றங்கள். அதன் முக்கிய விளைபொருள் "கண்ட ஒப்பந்தம்", அதாவது எல்லாக் குடியேற்றங்களும் சேர்ந்து போட்ட வணிக நிறுத்த உடன்பாடு: டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் இறக்குமதி நிறுத்தம், பயனில்லை என்றால் 1775 செப்டம்பர் 10 முதல் ஏற்றுமதி நிறுத்தம். 11-ஆம் பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊரிலும் கண்காணிப்புக் குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மீறுபவர் பெயரைச் செய்தித்தாளில் போடவேண்டும். டிசம்பர் 1-க்கும் பிப்ரவரி 1-க்கும் நடுவே சரக்கு வந்துவிட்டால் உரிமையாளர் அதைத் திருப்பி அனுப்பலாம், குழுவிடம் ஒப்படைத்துப் பூட்டிவைக்கலாம், அல்லது ஏலம் விடலாம். ஏலத்தில் கிடைக்கும் லாபம் பாஸ்டன் ஏழைகளுக்கு. இவ்வளவு நுணுக்கமான விதியை அமலாக்க ஊர்தோறும் அமைந்த குழுக்களில் மொத்தம் ஆயிரக்கணக்கானவர்கள் பொறுப்பேற்றார்கள். 1765-ன் இறக்குமதி நிறுத்தம் வணிகர்களின் நல்லெண்ணத்தை நம்பியிருந்தது. 1774-ன் நிறுத்தத்தை நடத்தியது ஒரு நிர்வாகம். இந்த வேறுபாட்டை விளக்க முடிந்தால் பாடம் முக்கால்வாசி முடிந்தது.

நான்காம் அமர்வு: சூட்டிலிருந்து பிரகடனம் வரை

1775 ஏப்ரல் 19-ஐச் சுருக்கமாகவே வையுங்கள். பாஸ்டனுக்கு அருகே கான்கார்டில் பதுக்கியிருந்த ஆயுதங்களைக் கைப்பற்ற சுமார் 700 வீரர்கள் பாஸ்டனிலிருந்து கிளம்பினார்கள். லெக்சிங்டனில் எட்டுக் குடிப்படையினர் இறந்தார்கள். அன்று பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் திரும்பும் வழியில். முதல் குண்டைச் சுட்டது யார் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை, அதனால் யார் பெயரையும் எழுதவேண்டாம். கவனிக்கவேண்டியது அடுத்த வாரங்களை. மாசசூசெட்ஸ் பேரவை நேரில் கண்டவர்களிடம் சத்திய வாக்குமூலங்கள் வாங்கி, வேகக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பியது. நான்கு நாள் முன்பே புறப்பட்ட ஆளுநர் கேஜின் அறிக்கையை முந்திக்கொண்டு அது போய்ச் சேர்ந்தது.

இனி மூன்றாவது கேள்வி. ஜூன் 15-ல், பிலடெல்பியாவில் மீண்டும் கூடிய குடியேற்றங்களின் பேரவை வாஷிங்டனைத் தளபதியாக்கியது, 17-ல் பங்கர் ஹில் சண்டை, அதில் பிரிட்டிஷ் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயப்பட்டும் போனார்கள். ஆனால் ஜூலையில் அதே பேரவை மன்னருக்குச் சமாதான மனு அனுப்புகிறது. முரண்பாடு போலத் தெரியும், இல்லை. அவர்களின் வழக்கு முழுவதும் நாடாளுமன்றத்துக்கு எதிரானது. மன்னர் நடுவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைந்த படிகளைத் தேதியோடு அடுக்குங்கள். ஆகஸ்ட் 23: மனுவை ஏற்காத மன்னர் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். நவம்பர் 7: வர்ஜீனிய ஆளுநர் டன்மோர், கலகக்கார எஜமானர்களை விட்டு வந்து படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்றார், தெற்கத்திப் பண்ணைக்காரர்கள் கடைசித் தயக்கத்தையும் விட்டார்கள். டிசம்பர்: அமெரிக்கக் கப்பல்களைப் பறிமுதல் செய்யும் சட்டம். 1776 ஜனவரி: தாமஸ் பெயினின் "பொது அறிவு" (Common Sense) சிறு நூல், மன்னராட்சி என்ற ஏற்பாட்டையே தாக்கியது. அதன் விற்பனை பற்றி ஊதிப் பெருக்கிய எண்கள் உலவுகின்றன. எண்ணைத் தவிர்த்து, வாதத்தை எழுதுங்கள். மன்னரின் அக்டோபர் உரை அமெரிக்கா வந்து சேர்ந்ததும் அதே மாதத்தில்தான்.

ஜூன் 7 ரிச்சர்ட் ஹென்றி லீயின் விடுதலைத் தீர்மானம், ஜூலை 2 வாக்கெடுப்பு, 12 குடியேற்றங்கள் ஆதரவு, நியூயார்க் நடுநிலை. ஜூலை 4-ல் விடுதலைப் பிரகடன வாசகம் ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 4-ல் 56 பேரும் கையெழுத்திட்டார்கள் என்பது தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

பிறகு ஒரு பயிற்சி. பிரகடனத்தின் நடுப்பகுதியில் 27 குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உங்கள் அட்டவணையின் எந்த வரிசையோடு சேரும் என்று குறியுங்கள். 9-ஆவது நீதிபதிகள் சம்பளம், அதாவது 1772. 10-ஆவது சுங்க அதிகாரிகள் கூட்டம், 1767. 18-ஆவது ஜூரி இல்லாத நீதிமன்றம், 1764-லிருந்து. 21-ஆவது சாசனங்களை ரத்து செய்தது, 1774. உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார் என்ற 27-ஆவதில் டன்மோரின் நிழல் தெரியும். "வரி" எங்கே? 17-ஆவது இடத்தில், ஒரே வரியில். நாடாளுமன்றம் என்ற சொல் ஆவணத்தில் எங்குமே வராது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மன்னர் மட்டும்.

வெளியே நின்றவர்கள்

தாளின் அடியில் நான்கு வரி இடம் விட்டிருப்பீர்கள், அதை இவர்களுக்குத் தாருங்கள். வெள்ளையர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம்; போருக்குப் பின் 60,000 பேர் போல நாட்டை விட்டே போனார்கள். 25 லட்சம் மக்கள்தொகையில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகள். அவர்களில் பலருக்கு விடுதலை என்ற சொல் பிரிட்டிஷ் முகாமைத்தான் காட்டியது. பூர்வகுடிகளுக்கு 1763 கோடு ஒரு பாதுகாப்பு. அது அழிந்தது அவர்களுக்கு இழப்பு. பிரிட்டனுக்கு அமெரிக்கப் பகுதியில் 13-க்கும் மேல் குடியேற்றங்கள் இருந்தன. ஜமைக்காவும் பார்படோஸும் ஏன் சேரவில்லை? மக்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்த தீவுகளில், எழுச்சி வந்தால் அடக்கப் பிரிட்டிஷ் படை வேண்டும். சர்க்கரைக்குப் பிரிட்டிஷ் சந்தை வேண்டும். இதே அதிருப்தி எங்கே போராகவில்லை என்று கேட்டால்தான் காரணங்களின் எடை தெரியும்.

அட்டவணையை 1776-ல் நிறுத்துவது போதுமானது. போரையும் தொடர விரும்புபவர்கள் 1778-ல் பிரான்ஸ் இறங்கியதும் களம் உலகமெங்கும் விரிந்ததைக் குறிக்கட்டும். யார்க்டவுனில் 1781-ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு அது முடியவில்லை. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் நிலத்திலும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்து முற்றுகை நின்றது.

விடையாக எழுதும்போது

15 மதிப்பெண்ணுக்கு 250 சொல் என்றால் இப்படிப் பிரியுங்கள்: 1763-ன் கடனும் நிலக்கோடும் 40 சொல், 1764 முதல் 1770 வரை 60, இதில் அறிவிப்புச் சட்டம் விடுபடக் கூடாது, 1772 குழுக்கள், தேயிலை, 1774 நிர்வாகம் மூன்றுக்கும் 80, மன்னர்மீதான நம்பிக்கை உடைந்ததற்கு 50, வெளியே நின்றவர்களுக்கு 20. பாஸ்டன் துறைமுக இரவை வருணிக்கத் தொடங்கினால் அதுவே 80 சொல்லைத் தின்றுவிடும், அதற்கு ஒரு வாக்கியம் மட்டும் கொடுங்கள். சட்டத்தின் பெயர் எழுதும் இடத்திலெல்லாம் அது யாருடைய கையிலிருந்து எதை எடுத்தது என்று அரை வரி சேருங்கள்.